பதினோரு மாதமும் சந்திராதித்தவரையும்

ஓவியரான நண்பர் ஒருவருக்காக ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குப் போகும் சாலையை ஒட்டி ஒரு மாடி அறையைப் பார்க்கப் போயிருந்தேன். தெற்கு ஜன்னலைத் திறந்தால் காவிரி. வரைகிறவனுக்கு ஆறு அவ்வளவு முக்கியமல்ல. வடக்கு ஜன்னல்தான் முக்கியம். அதுவும் இருந்தது. வெயில் உள்ளே விழாமல் நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். வீட்டுக்காரர் வயதானவர், நல்ல மனிதர். “ஸ்டுடியோவா? பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் எடுப்பாரா சார்?” என்று கேட்டார். போட்டோ இல்லை, படம் வரைவார் என்றேன். “சாமி படமா?” என்றார். பதில் சொல்லாமல் அட்வான்ஸைக் கொடுத்தோம்.

ஒப்பந்தத்தில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவனைச் சாட்சியாகப் போட்டால் பத்திரத்துக்குக் கனம் கூடும் என்று நம் ஊரில் ஒரு எண்ணம். பதினோரு மாதக் கெடு. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. தரையில் கறை படக்கூடாது. டர்பன்டைன் வாசனை கீழே வந்தால் காலி செய்துவிட வேண்டும். வாசனை கீழே வரவில்லை. பத்தாவது மாதம் வீட்டுக்காரரின் மகன் வந்து, மாடியை யாத்ரிகர்கள் தங்கும் அறைகளாகத் தடுக்கப் போவதாகச் சொன்னார். கேன்வாஸ்களை ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றி இறக்கியதோடு விஷயம் முடிந்தது. யார்மேலும் குற்றமில்லை. சட்டப்படி எல்லாம் சரி.

ஆனால் எனக்கு அது முடியவில்லை. நம் சிறுபத்திரிகைகளில் கலைஞனின் தனிமை பற்றியும், அவன் சூழலிலிருந்து அந்நியமாவது பற்றியும் எவ்வளவோ எழுதியாயிற்று. அவன் எந்த இடத்தில் நின்று வரைகிறான், அந்த இடத்துக்கு மாதம் என்ன கொடுக்கிறான், எத்தனை மாதம் அங்கே நிற்க அவனுக்கு உத்தரவு இருக்கிறது என்ற விசாரம் மட்டும் நமக்குக் கௌரவக் குறைவாக இருந்திருக்கிறது. கவிஞனுக்கு இது பிரச்னையே அல்ல. மதியச் சாப்பாட்டு இடைவேளையில், பழைய செலானின் பின்புறத்தில்கூட ஒரு கவிதையை எழுதிவிடலாம். நானே அப்படி எழுதியிருக்கிறேன். ஓவியனுக்குச் சுவர் வேண்டும். சிற்பிக்குத் தரை வேண்டும், அந்தத் தரை கல்லின் பாரத்தைத் தாங்க வேண்டும். இவர்கள் விஷயத்தில் கலை என்பது ஒரு நில விவகாரமும்கூட. இதைச் சரித்திர ரீதியாகப் பார்க்கலாம் என்று தோன்றியது. பார்க்கப் போனால் தேம்ஸ் நதிக்கரையில் கொண்டுபோய் விட்டது.

*

நான் உப்பிலியபுரத்துக்காரன். பச்சமலை அடிவாரம். கப்பலுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது இலக்கிய வரலாற்றுத் தாளில் பெப்பீஸ், ஈவ்லின் என்று பதினேழாம் நூற்றாண்டு டயரிக்காரர்கள் இருவர் ஐந்து மார்க் கேள்வியாக வருவார்கள். அவர்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு ஊர் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது: லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸின் தென்கரையில் இருக்கும் டெப்ட்ஃபர்ட். பெப்பீஸ் கடற்படை நிர்வாகத்தில் இருந்தவர். அங்கே அடிக்கடி மேற்பார்வைக்குப் போனவர். ஈவ்லினின் வீடே அங்கிருந்த கப்பல் துறையின் மதிலை ஒட்டி இருந்தது.

எட்டாம் ஹென்றி 1513இல் டெப்ட்ஃபர்டில் அரசுக் கப்பல் துறையை நிறுவினான். அதற்கு முந்தின வருஷம் சற்றுக் கிழக்கே வூல்விச்சில் இன்னொன்று. அடுத்த முந்நூற்றைம்பது வருஷம் இங்கிலாந்தின் போர்க் கப்பல்கள் பலவும் இந்த இரண்டு துறைகளிலிருந்து தண்ணீரில் இறங்கின. உலகைச் சுற்றி வந்த டிரேக்குக்கு 1581இல் அவனுடைய கப்பலிலேயே வீரப்பட்டம் தரப்பட்டது டெப்ட்ஃபர்டில். பின்னாளில் டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பல் வூல்விச்சில் 1820இல் வெள்ளோட்டம் விடப்பட்டது. நமக்கு நேரடியாக உறைக்கக்கூடிய தகவல் ஒன்றும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆரம்பகாலத்தில் கப்பல் கட்டியதும் டெப்ட்ஃபர்டில்தான். 1609 டிசம்பர் கடைசியில் ஜேம்ஸ் மன்னனை அழைத்து வைத்துக்கொண்டு ஒரு பெரிய கப்பலை இறக்கினார்கள். அதன் பெயரை ‘வியாபார விருத்தி’ என்று தமிழில் சொல்லலாம். ஜாவாக் கரையில் பான்டம் துறைமுகத்தோடு அதன் ஆயுள் முடிந்துவிட்டது. ஆனால் முப்பது வருஷம் கழித்து, 1639இல், கம்பெனி மதராஸில் மணல் மேட்டை வாங்கிக் குடியேறியது. வியாபாரம் விருத்தியானது.

டெப்ட்ஃபர்டில் வாடகை சம்பந்தமாக ஒரு பிரசித்தமான வழக்கும் உண்டு. ஈவ்லின் தன் வீட்டைக் கடற்படை அதிகாரி பென்போவுக்கு வாடகைக்கு விட்டார். 1698இல் ருஷ்யாவின் ஜார் பீட்டர் கப்பல் கட்டும் வித்தையைக் கற்றுக்கொள்ள டெப்ட்ஃபர்டுக்கு வந்தபோது பென்போ அந்த வீட்டை அவருக்கு உள்வாடகைக்கு விட்டார். ஜார் பகலில் துறையில் வேலை கற்றார். இரவில் பரிவாரத்தோடு குடித்தார். ஈவ்லின் வருஷக்கணக்காக வளர்த்த உயிர்வேலிக்குள் தள்ளுவண்டியில் ஆளை உட்காரவைத்து ஓட்டி விளையாடினார்கள் என்று கதை. சேதத்தை மதிப்பிட வந்தவர் ஸெயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டஃபர் ரென். கணக்கு 350 பவுனைத் தாண்டியது. அரசாங்கமே கட்டியது. ஆணி அடிக்கக்கூடாது என்ற நிபந்தனை ஜார்களுக்குக் கிடையாது. வாடகைக்காரர்களிலும் ஜாதி உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

*

இந்தக் கப்பல் துறைகளில் இரண்டு விஷயங்கள் என் பொருளுக்கு முக்கியமானவை.

ஒன்று, வரைதளம். மரக்கப்பல் கட்டுகிறவன் முதலில் கப்பலை வரைந்தாக வேண்டும். காகிதத்தில் வரைந்த சின்னக் கோட்டைக் கப்பலின் முழு அளவுக்குப் பெருக்கி, ஒரு பெரிய மச்சின் மரத்தரையில் கீறுவார்கள். அந்தக் கோட்டின்மேல் மெல்லிய பலகையை வைத்து அச்சு வெட்டி, அந்த அச்சைப் பார்த்து ஓக் மரத்தை இழைப்பார்கள். ஆகவே அந்த மச்சில் தூண் குறுக்கிடக்கூடாது, நிழல் விழக்கூடாது, வெளிச்சம் தாராளமாக வர வேண்டும். மெட்வே நதிக்கரையில் சாதம் என்ற ஊரில் பதினெட்டாம் நூற்றாண்டு வரைதளம் ஒன்று இன்றைக்கும் நிற்கிறது. 1765இல் தண்ணீரில் இறங்கிய விக்டரி கப்பலுக்கு, பின்னால் நெல்சன் எதன் மேல்தளத்தில் குண்டடிபட்டானோ அந்தக் கப்பலுக்கு, கோடு கீறிய தளம் அது. யோசித்துப் பார்த்தால் கடற்படையின் இருதயத்தில் இருந்தது ஒரு ஓவியக்கூடம். பாய் தைக்கிற கூடம், கயிறு திரிக்கிற கூடம், பாய்மரம் செதுக்குகிற கூடம் எல்லாமே அந்த ரகம்: உயரமான கூரை, அகலமான தரை, பெரிய கதவு. இந்த மாதிரிக் கட்டடங்களுக்குள் ஓவியர்கள் பிற்பாடு தேடி வந்தது கற்பனாவாதத்தால் அல்ல. அளவு பொருந்தியது.

இரண்டாவது, சிராய். கப்பல் தச்சர்களுக்கு ஒரு பழைய பாத்யதை இருந்தது. செதுக்கி மிஞ்சிய மரத்துண்டுகளை வேலை முடிந்ததும் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அடுப்புக்கும் கதவுக்கும் மாடிப்படிக்கும் அது ஆகும். நாளடைவில் நல்ல மரத்தையே சிராயாக வெட்டிக்கொண்டு போகிறார்கள் என்று நிர்வாகம் புகார் சொன்னது. 1801இல் அந்த உரிமையை ரத்து செய்து பதிலுக்குக் காசு கொடுத்தார்கள். டிரேக்கின் கப்பலையே டெப்ட்ஃபர்டில் காட்சிக்கு வைத்திருந்து, அது உளுத்துப்போன பிறகு மிஞ்சிய பலகையில் ஒரு நாற்காலி செய்து ஆக்ஸ்ஃபர்டின் போட்லியன் நூலகத்துக்குக் கொடுத்தார்கள். சாம்ராஜ்யம் தன் காரியம் முடிந்ததும் மிச்சத்தை இப்படித்தான் தருகிறது. பெரியவர்களுக்கு நாற்காலி, தச்சனுக்குச் சிராய்.

மரக்கப்பல் போய் இரும்புக்கப்பலும் நீராவியும் வந்தன. கப்பல்கள் பெருத்தன, தேம்ஸ் தூர்ந்தது. டெப்ட்ஃபர்ட், வூல்விச் இரண்டு துறைகளையும் 1869இல் மூடிவிட்டார்கள். டெப்ட்ஃபர்டில் கப்பல் கட்டிய இடம் வெளிநாட்டு மாட்டுச் சந்தையாயிற்று, பிறகு ராணுவக் கிடங்காயிற்று, அதற்கும் பிறகு பத்திரிகைக் காகிதம் இறக்கும் துறையாயிற்று. சாதம் மட்டும் நூற்றாண்டு தாண்டி நின்று, 1984இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். பழைய துறையில் சுமார் எண்பது ஏக்கரை ஒரு அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். கட்டடங்களை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் கட்டடங்களைக் காப்பாற்றுவது அதன் ஏற்பாடுகளில் ஒன்று.

*

கலைஞர்கள் கூட்டாக வந்து துறைமுகக் கட்டடத்தில் வாடகைக்கு உட்கார்ந்த கதையில் முக்கியமான வருஷம் 1968. இடம் கடற்படைத் துறை அல்ல, அதற்கு மேற்கே லண்டன் டவருக்குப் பக்கத்தில் உள்ள ஸெயின்ட் கேதரின்ஸ் வியாபாரத் துறை. தந்தமும் தேயிலையும் நம் அவுரியும் வந்து இறங்கிய இடம். 1828இல் அதைத் திறப்பதற்கு முன் அங்கே ஒரு பேட்டை இருந்தது. 1,250 வீடுகளை இடித்தார்கள். சுமார் 11,300 பேர் வெளியேறினார்கள். வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு ஈடு கிடைத்தது. வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்தத் தகவலை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நூற்று நாற்பது வருஷம் கழித்து, 1968இல், துறை மூடப்பட்டது. ஓவியர்கள் ப்ரிட்ஜெட் ரைலியும் பீட்டர் செட்ஜ்லியும் அதே வருஷம் ‘ஸ்பேஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கி, காலியாகக் கிடந்த கிடங்கைக் குறுகிய கெடுவுக்கு எடுத்து, ஓவியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அமைப்பின் தத்துவம் எளிமையானது: நகரத்தில் இடிபடக் காத்திருக்கும் கட்டடங்கள் நிறைய, இடமில்லாத ஓவியர்களும் நிறைய, இடிக்கும்வரை இவர்கள் அங்கே இருக்கட்டும். கப்பல் தச்சனின் சிராய் மறுபடி வந்துவிட்டது, இந்த முறை மரமாக அல்ல, காலமாக. இரண்டு இடிப்புகளுக்கு இடையில் மிஞ்சிய இரண்டு மூன்று வருஷத்தைக் கலைஞர்கள் தோளில் சுமந்து போனார்கள். 1971இல் ஸ்பேஸ் லண்டனின் வடகிழக்கே ஹாக்னியில் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. ஸெயின்ட் கேதரின்ஸில் பிறகு ஹோட்டலும் உல்லாசப் படகுகளும் வந்தன.

இதே கதை எதிர்க்கரையில் பட்லர்ஸ் வார்ஃப் என்ற தேயிலைக் கிடங்கிலும் நடந்தது. 1970களில் அங்கே ஓவியர்களும் டெரெக் ஜார்மன் போன்ற திரைக்கலைஞர்களும் இருந்தார்கள். 1979இல் தீ விபத்து. 1980களில் அந்தக் கிடங்குகள் விலை உயர்ந்த குடியிருப்புகளாகவும் உணவகங்களாகவும் மாறின. கலைஞன் போகிற இடத்தில் முதலில் ஒரு டீக்கடை வரும். பிறகு ஒரு கண்காட்சி. பிறகு பத்திரிகையில் ஒரு கட்டுரை. பிறகு மனை விற்பவர் வருவார். நான் கடன் பிரிவில் வேலை பார்ப்பவன். ஒரு பகுதியின் மனை மதிப்பு எப்படி ஏறுகிறது என்பது ஓரளவு தெரியும். இடத்துக்குப் பெயரைக் கொடுத்தவனுக்கு அந்த மதிப்பில் பங்கு கிடையாது. அவனை வெளியேற்றுவதற்கான காரணமாக மட்டும் அது பயன்படும்.

இதற்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. நம் நாட்டிலேயே 1882ஆம் வருஷத்துச் சட்டங்கள் இரண்டு இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்கின்றன. லீஸ் என்றால் இடத்தின் மேல் ஒரு உரிமை உங்களுக்கு மாறுகிறது. லைசென்ஸ் என்றால் உரிமை மாறுவதில்லை. அங்கே இருந்தால் அத்துமீறல் ஆகாது என்ற அனுமதி மட்டும்தான். பதினோரு மாதம் என்ற மரபும் இப்படி வந்ததே. 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸைப் பதிய வேண்டும். ஆகவே ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 2017இல் ஒரு சட்டம் இயற்றி, எல்லா வாடகை ஒப்பந்தங்களையும் எழுதிப் பதிய வேண்டும் என்றார்கள். 2019இல் அமலுக்கு வந்தது. பதினோரு மாதம் என்பது மட்டும் நம் நாக்கை விட்டுப் போகவில்லை. பதினோரு மாதத்துக்குள் ஒரு ஓவியன் எந்த அளவு படத்தைத் துணிந்து தொடங்குவான்? இது அழகியல் கேள்வி. நம் விமர்சனம் கேட்டுக்கொள்ளாத அழகியல் கேள்வி.

டெப்ட்ஃபர்டுக்குத் திரும்பி வரலாம். தேம்ஸில் வந்து கலக்கும் சிற்றாற்றின் கரையில், ஒரு பழைய சரக்குத் துறைக் கட்டடத்தில், 1995இல் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். சுமார் நாற்பது அறைகள். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘நிரந்தரமாகக் கலை’ என்று வரும். பெயரிலேயே பழைய அடியின் வலி இருக்கிறது. வூல்விச்சில் தேம்ஸ் கரையில் இன்று நூற்றுக்கணக்கான அறைகள் வாடகைக்கு விடப்படுகின்றன. ஆனால் ஹென்றி நிறுவிய டெப்ட்ஃபர்ட் துறை இருந்த அதே நிலத்தில் சுமார் 3,500 குடியிருப்புகள் கட்ட 2014இல் லண்டன் மேயர் அனுமதி கொடுத்தார். கரையில் பணம் வந்து நின்றால், பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு அறையின் வாடகையும் அதைக் கவனிக்கும்.

கலைஞனை இந்தக் கதையில் வெறும் பலியாளாக ஆக்குவதும் எனக்குச் சம்மதமில்லை. கூலிக்காரன் வேலை இழந்து வெளியேறிய இடத்தில்தான் அவன் குறைந்த வாடகைக்கு நுழைகிறான். சாதத்தில் ஒரு தச்சன் முப்பது வருஷம் வேலை பார்த்த கூடத்தை அழகான வெளிச்சம் என்று சொல்லி ரசிக்கிறான். பீரங்கி ஏற்றிய கப்பலை வரைந்த தரை அது என்பதும், அந்தப் பீரங்கியின் வாய் எங்கெங்கே திரும்பியது என்பதும் வாடகைப் பத்திரத்தில் வராது. திருச்சிக் கோட்டைக்காக 1750களில் நடந்த சண்டையில் வெட்டுப்பட்டவர்களின் ஊர்க்காரனாகிய எனக்கு அந்த வெளிச்சத்தில் ஒரு உறுத்தல் உண்டு. ஆனாலும் போர் விட்டுப்போன இடத்தில் யாராவது குடியேறத்தான் வேண்டும் என்றால், ஓவியன் குடியேறுவது நல்லது.

*

இனி நம் பக்கம்.

ஸ்பேஸ் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1966இல், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் தங்களுக்கென்று ஒரு கிராமத்தை அமைத்தார்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த பணிக்கருக்குத் தெரிந்த உண்மை ஒன்று: கல்லூரியை விட்டு வெளியே போகும் மாணவன் ஐந்து வருஷத்தில் வரைவதை விட்டுவிடுகிறான். அரசாங்கத்தையும் பணக்காரரையும் நம்பாமல், துணியில் பாட்டிக் செய்து விற்றார்கள். கைவினைச் சங்கம் ஒன்றை வைத்து, அதில் வந்த காசில் கடற்கரையோரம் பத்து ஏக்கருக்கு உட்பட்ட மணலை வாங்கி, தாங்களே குடிசை போட்டுக்கொண்டார்கள். அதற்கு வைத்த பெயர் சோழமண்டலம். அங்கே துறையும் இல்லை, படையும் இல்லை. பெயரில் மட்டும் ஒரு கடற்படை நின்றது. 1025இல் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய ராஜேந்திரனின் கரை அது. கோரமண்டல் என்று கம்பெனிக்காரன் வாயில் நசுங்கிய பெயரை நிமிர்த்தி வைத்தார்கள்.

லண்டன்காரர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். நம்மவர்கள் சொந்தமாக வாங்கினார்கள். இதில் நம் பக்கம்தான் ஜெயித்தது என்று பல காலம் நினைத்திருந்தேன். ஸெயின்ட் கேதரின்ஸில் ஓவியர்கள் இருந்த சுவடு இல்லை; சோழமண்டலத்தில் 2009இல் சென்னை இயக்கத்துக்கென்று ஒரு அருங்காட்சியகமே வந்துவிட்டது. பணிக்கர் 1977இல் காலமான பிறகும் கிராமம் நிற்கிறது. பாட்டிக் துணியிலிருந்து இதைச் சாதித்தது நம் நவீன கலைச் சரித்திரத்தின் பெரிய காரியம்.

ஆனால் சொத்து ஒரு தலைமுறையின் பிரச்னையைத்தான் தீர்க்கிறது. அன்றைக்கு மணலாக இருந்தது இன்றைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை. இன்று இருபத்தைந்து வயதில் துறையூரிலிருந்து பஸ் ஏறும் ஒரு பையனால் அங்கே ஒரு சென்ட் வாங்க முடியாது. துறையூரைக் காரணத்தோடுதான் சொல்கிறேன். ஆதிமூலம் எங்கள் பக்கம், கீரம்பூரில் பிறந்தவர். அவருடைய கோடுகள் இல்லாமல் நம் சிறுபத்திரிகைகளின் முகத்தை நினைத்துப் பார்க்க முடியாது. அடுத்த ஆதிமூலம் வந்தால் அவனும் வாடகைக்குத்தான் வர வேண்டும். லலித் கலா அகாதமி 1976இல் டெல்லி கடியிலும், பிறகு சென்னை கிரீம்ஸ் சாலையிலும் சிறு கட்டணத்தில் இடம் கொடுக்க முன்வந்தது அதனால்தான் முக்கியம். வாடகையில் ஒரு நன்மை உண்டு: கதவு சுழலும், புதியவன் உள்ளே வருவான். சொந்தத்தில் ஒரு நன்மை உண்டு: நேரம் உன்னுடையது. இரண்டு நன்மையையும் ஒன்றாகத் தரக்கூடிய ஏற்பாடு எது?

*

ஒரு ஏற்பாடு கல்லில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் மதிலில், ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014ஐ ஒட்டி வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு. திருவாரூர், திருவையாறு, நாகப்பட்டினம் என்று பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து, கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஆளுக்கொரு வீடும் வருஷத்துக்கு நூறு கலம் நெல் வரும் ஒரு பங்கும் கொடுத்தான். எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, அதில் இருப்பவள் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று வரிசையாகப் போகிறது. நட்டுவர்கள், பாடுவோர், வாத்தியக்காரர்கள், தச்சர், தையற்காரர் எல்லோருக்கும் பங்கு. ஒருவர் செத்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலை செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையானால் தகுதியுள்ள இன்னொருவரை அமர்த்த வேண்டும். சொத்து வாரிசுக்குப் போகும், ஆனால் வித்தையைத் தாண்டிப் போகாது.

நான் படித்த வாடகைப் பத்திரங்களில் இதைவிடச் சிறந்த ஷரத்து கிடையாது. நம் கல்வெட்டுக்காரர்கள் தானத்துக்கு வைக்கும் கெடு சந்திராதித்தவரை: சந்திரனும் சூரியனும் இருக்கும்வரை. டெப்ட்ஃபர்ட் ஓவியர்கள் தங்கள் அறக்கட்டளைக்கு வைத்த பெயரின் பொருளும் வேறல்ல.

ஆனால் இதைப் பொற்காலமாக்கி முடித்துவிட எனக்கு மனமில்லை. நாகப்பட்டினத்தில் கடற்காற்றில் ஆடிக்கொண்டிருந்த ஒருத்தியிடம் தஞ்சாவூருக்கு வர விருப்பமா என்று யாரும் கேட்டதாகக் கல்வெட்டில் இல்லை. வீட்டோடு வேலையும் வந்தது. யார் முன்னால் எப்போது ஆட வேண்டும் என்பதும் வந்தது. நீண்ட கெடுவைக் கொடுத்தவன் ஊழியத்தைக் கேட்டான். பதினோரு மாதக்காரன் ஊழியம் கேட்பதில்லை. சாமி படமா என்று ஒருமுறை கேட்டுவிட்டு அட்வான்ஸை எண்ணிக்கொள்கிறான். நம் நவீன கலைஞனின் சுதந்திரம் என்று நாம் பெருமையோடு சொல்வது ஒருவிதத்தில் இந்த அலட்சியத்தின் மறுபெயர். அலட்சியம் இல்லாமல் கெடு நீள வேண்டும். கெடு நீண்டும் ஊழியம் கேட்கக்கூடாது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு பத்திரம் எழுத ராஜராஜனுக்கும் தெரியவில்லை, லண்டன் நகர சபைக்கும் தெரியவில்லை. ஓவியர்களே கூடி நிறுவிய அறக்கட்டளைகள் அதற்குச் சற்றுப் பக்கத்தில் வந்திருக்கின்றன. யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத கட்டடம், வரைகிறவரை வாடகை, விட்டால் அடுத்தவனுக்கு. கோயில் மனையில் அடிமனை வாடகை கட்டித் தலைமுறைகளாகக் குடியிருக்கும் ஊர் ஸ்ரீரங்கம். அங்கே உள்ளவர்களுக்கு இந்த யோசனை அவ்வளவு விநோதமாகப் படக்கூடாது.

நண்பர் இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் ஓடாமல் கிடக்கும் ஒரு அரிசி ஆலையில் வரைகிறார். உயரமான தகரக் கூரை, தூண் இல்லாத கூடம், நெல் காயப்போட்ட பெரிய களம். ஆலை நின்றதில் எத்தனை பேருக்கு வேலை போயிற்று என்று எனக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேர் என் உறவு. ஆலைக்காரரிடம் பேசி மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் வாங்கினேன். “மூணு வருஷம் கழிச்சு நானே இருப்பேனோ என்னமோ தம்பி” என்று சொல்லிக்கொண்டே சம்மதித்தார். ஆணி பற்றிய ஷரத்து வேண்டாம் என்றோம், ஒத்துக்கொண்டார். மூன்று வருஷம் என்பதால் பதிய வேண்டும். பத்திரம் எழுதுகிறவர் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, இடம் எந்த உபயோகத்துக்கு என்று கேட்டார். ஓவியம் வரைவதற்கு என்றோம். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அதுக்குன்னு தனியா எழுத முடியாதுங்க” என்று சொல்லி, “கிடங்கு” என்று எழுதிக்கொண்டார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.